வாத்து முன்னால் நடந்தாள்

அச்சகத்தில் எல்லோரும் அவரை ‘புரூஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பது தொழில். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த எழுத்துக்குக் கால் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பார். “காதல் கடிதம் எழுதிக் குடுத்து, அதைத் திருத்தி வாங்கினவ நான்” என்று அவர் மனைவி சிரிக்காமல் சொல்வாள்.

அப்படிப்பட்டவர் பிழை பார்க்காமல் அப்படியே நம்பி வளர்ந்தது அத்தையின் கதைகளை மட்டும்தான்.

அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி குடும்பத்தோடு கடைசிவரை இருந்தவள். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து கூட்டத்தை அதட்டி அதட்டிக் குரல் அப்படி ஆனதா, குரல் அப்படி இருந்ததால் அந்த வேலை கிடைத்ததா என்று வீட்டில் ஒரு வழக்கே உண்டு. மழைக்காலத்தில் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். போனதும் புரூஃபும் அவர் தங்கையும் சுவரைத் தடவிக்கொண்டு அத்தையின் அறைக்கு ஓடுவார்கள். அவள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, “நான் பட்டாளத்துல ஆம்புலன்ஸ் ஓட்டினப்போ...” என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் பாடமும் கிடையாது, பயமும் கிடையாது.

யுத்த காலத்தில் பெண்களையும் பட்டாளத்தில் எடுத்தார்கள். அத்தை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அவள் வாயாலேயே கியர் மாற்றுவாள். மேட்டில் வண்டி திணறும். பள்ளத்தில் இறங்கும்போது குழந்தைகள் இரண்டும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கதையிலும் அவள் பக்கத்து சீட்டில் ஒரு தோழி உண்டு. அவள் பெயர் வாத்து. பெண்களுக்கென்று பூட்ஸ் வராததால் ஆண்கள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அப்படியும் இப்படியும் ஆடி நடப்பாளாம். தொட்டதற்கெல்லாம் பயப்படுவாளாம். வண்டியைக் கிளப்பினாலே கண்ணை மூடிக்கொள்வாளாம்.

“வாத்து இப்ப என்ன செஞ்சா அத்தை?”

“வேற என்ன, அழுதா!”

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்த அறையிலிருந்து அப்பாவின் குரல் வரும். “அக்கா, உன் கையில வண்டியக் குடுத்திருந்தா நம்ம பக்கம் ஆஸ்பத்திரியே நெறஞ்சிருக்கும். சைக்கிள் ஓட்டத் தெரியாதவ நீ!”

“போடா, பொறாமை புடிச்சவனே” என்பாள் அத்தை, கியரை விடாமல்.

அப்பா போனார். பல வருடம் கழித்து, போன கோடையில் அத்தையும் போனாள். அவள் அறையை ஒழித்த அன்று தங்கை திடீரென்று, “அண்ணா, அந்தக் கதையெல்லாம் நம்மளோட போயிடும், இல்ல?” என்றாள். கையில் அத்தையின் போர்வையை மடித்தபடி, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே புரூஃப் முடிவு செய்தார்: கதைகளை எழுதி, அச்சகத்திலேயே சின்னப் புத்தகமாகப் போட்டு, குடும்பத்தில் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுவது.

எழுத உட்கார்ந்ததும் தொழில் புத்தி வந்துவிட்டது. எந்த வருடம்? எந்த ஊர் முகாம்? எந்தப் பிரிவு? அத்தை கதையில் தேதியே கிடையாது. ராணுவப் பதிவேட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். நீங்கள் யார், என்ன உறவு, அதற்கு என்ன அத்தாட்சி என்று பதில் வந்தது. எல்லாம் அனுப்பினார். காகிதம் பழசு, தபாலில் அனுப்ப முடியாது, நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த பதில் வந்தது.

அந்த அலுவலகத்தில் மின்விசிறிகள் இருந்தன, ஒன்றும் சுற்றவில்லை. சுற்றினால் பழைய தாள்கள் உதிர்ந்து பறந்துவிடுமாம். நீள நீளமான இரும்பு அலமாரிகளுக்கு நடுவில், தோளில் ஒரு துண்டைப் போட்டு வேர்வையைத் துடைத்தபடி அதிகாரி உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

“பேனா வேண்டாம் சார், பென்சில் மட்டும்” என்று சொல்லிவிட்டு, நாடா கட்டிய ஃபைலை அவர் முன்னால் வைத்துப் பிரித்தார்.

முதல் தாளில் கட்டைவிரல் அளவு புகைப்படம். தலையைப் படிய வாரி, கழுத்துப் பட்டன்வரை போட்டு, புகைப்படக்காரரையே அதட்டப் போகிறவள் மாதிரி ஒரு பெண் பார்த்தாள். புரூஃப் தாளைக் கண்ணுக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். அத்தை ஒரு காலத்தில் இவ்வளவு சின்னப் பெண்ணாக இருந்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்த விஷயம்தான், பார்த்ததில்லை.

“வயசக் கூட்டிச் சொல்லியிருக்காங்க” என்றார் அதிகாரி. “அப்ப நிறையப் பேர் அப்படித்தான் சேர்ந்தாங்க.”

அடையாளம், இடது புருவத்தில் தழும்பு. ஆமாம், இருந்தது. சின்ன வயதில் அதை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறார். நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவள் தன் அப்பாவைப் போடவில்லை. தம்பியின் பெயரைப் போட்டிருந்தாள். ‘பள்ளி மாணவன்’ என்று பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதிக் கேள்விக்குறி வைத்திருந்தார்கள். தனக்கு ஏதாவது ஆனால் முதலில் அவனுக்குத்தான் தெரிய வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தது, காலமெல்லாம் அவளைக் கேலி செய்த அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் ஒரு நாளாவது சொல்லியிருப்பார் என்று புரூஃபுக்குத் தோன்றியது.

தாளைத் திருப்பினார். வண்டி ஓட்டத் தெரியுமா என்ற கேள்விக்கு ‘தெரியாது’ என்று இருந்தது. சேர்ந்த பிறகு கற்றுக் கொடுத்திருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டார். அடுத்த தாள். அதற்கடுத்தது. பணி: கிளார்க், பூட்ஸ் ஸ்டோர். இடமாற்றம் ஆன முகாமிலும் பூட்ஸ் ஸ்டோர். விடுவிக்கப்பட்ட அன்றும் பூட்ஸ் ஸ்டோர்தான். ஆம்புலன்ஸ் என்ற சொல்லே ஃபைலில் இல்லை. இருந்த ஒரே சுவாரசியம், அனுமதி இல்லாமல் ஸ்டோரை விட்டுப் போனதற்காக அடிக்கடி கொடுத்த எச்சரிக்கைகள்.

புரூஃப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன சார், நீங்க தேடினது இல்லையா?”

“எங்க அத்தை ஆம்புலன்ஸ் ஓட்டினேன்னு சொல்லுவாங்க. எங்களத் தூங்க வச்சதே அந்த ஆம்புலன்ஸ்தான்” என்றார். சொல்லும்போது சிரிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

அதிகாரி ஃபைலைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய் ஒரு பெரிய பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“உங்க அத்தை கூட யாராவது சேர்ந்தாங்கன்னு சொல்லியிருக்காங்களா?”

“வாத்துன்னு ஒரு ஃப்ரெண்டு. நிஜப் பேர் தெரியாது.”

“ஒரே வரிசையில நின்னு சேர்ந்தவங்களுக்கு நம்பர் அடுத்தடுத்து வரும் சார். உங்க அத்தைக்கு அடுத்த நம்பரும் ஒரு பொண்ணுதான். அதே நாள், அதே முகாம். அவங்க டிரைவர்.” பதிவேட்டை மூடினார். “பேரோ விலாசமோ நான் சொல்லக் கூடாது. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சான்றிதழ் கேட்டு அவங்க எழுதியிருக்காங்க. நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்க, நான் அனுப்பி வைக்கறேன். பதில் போடறதும் போடாததும் அவங்க இஷ்டம்.”

அங்கேயே உட்கார்ந்து பென்சிலாலேயே எழுதினார். நான் இன்னாருடைய மருமகன், அத்தை காலமாகிவிட்டார், உங்களைப் பார்க்க ஆசை. கீழே அச்சகத்தின் போன் நம்பர். வேறொன்றும் எழுதத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் திருப்பிப் படிக்காமல் ஒரு கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தங்கைக்கு போன் செய்தார். ஃபைலில் இருந்ததைச் சொன்னார்.

“இருக்கியா?”

“இருக்கேன். பூட்ஸ் ஸ்டோரா?”

“பூட்ஸ் ஸ்டோர்தான்.”

“பரவாயில்ல அண்ணா” என்றாள் தங்கை. “கியர் சத்தம் நல்லாத்தானே போட்டா.”

புத்தக வேலை அப்படியே நின்றது. எழுதிய தாள்களை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டுவிட்டார். அத்தை மேல் கோபமா என்றால் இல்லை. அந்த இருட்டறையும், கட்டில் சட்டமும், மழைச் சத்தமும் தன்னிடமிருந்து யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. “அவங்க பொய் சொன்னாங்கன்னே வச்சுக்குங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று மனைவி கேட்டாள்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அச்சகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் தன்னை ஒரு மரச்சாமான் கடைக்காரர் என்று சொல்லிக்கொண்டார். குரலில் சந்தேகம் இருந்தது.

“எங்க அம்மாவுக்கு நீங்க ஏதோ கடிதம் போட்டிருக்கீங்க. படிச்சதுலேர்ந்து சரியா சாப்பிடல. உங்களப் பாக்கணுமாம். என்ன விஷயம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. யார் சார் நீங்க?”

“அம்மா யுத்த காலத்துல டிரைவரா இருந்தாங்க இல்லையா, அது விஷயமா...”

“டிரைவரா? ஆள் மாறிப் போச்சு சார். எங்க அம்மா பட்டாளத்து ஆபீஸ்ல டைப் அடிச்சாங்க. எங்க அப்பாவே சொல்லியிருக்கார்.”

இருந்தாலும் விலாசம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை புரூஃப் பஸ் ஏறிப் போனார்.

கடைக்கு மேலேயே வீடு. படியெல்லாம் வார்னிஷ் வாசனை. ஜன்னலோரம் நாற்காலியில் உயரமான, மெலிந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். புடவையை இழுத்துச் செருகி, யாரோ பார்வையிட வரப்போகிற மாதிரி நிமிர்ந்து இருந்தார். மகன், கணக்குப் பார்க்கிற சாக்கில் அதே அறையில் ஓர் ஓரமாக இருந்துகொண்டார்.

“உக்காரு தம்பி. எப்படிப் போனா?”

“தூக்கத்துல போயிட்டாங்கம்மா. கஷ்டப்படல.”

“சத்தம் போடாம போயிட்டாளா? நம்ப முடியல” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

புரூஃப்தான் மெதுவாக ஆரம்பித்தார். “அத்தை உங்களப் பத்தித்தான் எப்பப் பாத்தாலும் சொல்லுவாங்க. நீங்கதானேம்மா வாத்து?”

அந்த அம்மாள் திரும்பி அவரை உற்றுப் பார்த்தார். “யாரு? நானா?” முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்து, இருமலாக மாறி, மகன் பதறி எழுந்து தண்ணீர் கொண்டுவரும் அளவுக்குப் போய்விட்டது. “நானா வாத்து! உங்க அத்தைதான்டா வாத்து! முகாம் முழுக்க அவளுக்கு அதான் பேரு. பூட்ஸ் ஸ்டோர்லயே உக்காந்திருப்பா, அவ காலுக்கு ஒரு ஜோடி கிடைக்கல. அப்படியும் இப்படியும் ஆடிக்கிட்டு வருவா பாரு...”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்னென்ன சொன்னா? ஒண்ணு விடாம சொல்லு” என்றார்.

புரூஃப் சொன்னார். முதலில் கூச்சமாக இருந்தது. சொல்லச் சொல்ல அத்தையின் இழுப்பும் அதட்டலும் தன் குரலில் வருவது அவருக்கே கேட்டது. ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் டீயை ஊற்றியது. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குத் தன் மாமியார் பெயரை வைத்துத் திட்டிய மெக்கானிக். கழுதை ஒன்று வழியை மறித்துக்கொண்டு நின்றதில் ஒரு கர்னல் இறங்கி அதனிடம் கெஞ்சியது. அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கால் தரையை லேசாக அழுத்தி அழுத்தி விட்டது.

“அந்த மெக்கானிக்க நான் மறந்தே போயிட்டேன்” என்றார். “கழுதை என் வண்டிக்கு முன்னாடிதான் நின்னுச்சு. எல்லாம் நடந்தது தம்பி. நான் ஓட்டினேன். அவ பக்கத்துல உக்காந்திருந்தா.”

மகன் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. “அம்மா, நீயா? நீ வண்டி ஓட்டினியா?”

“லாரியே ஓட்டினேன்” என்றார் அந்த அம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

பாலத்துக் கதையை புரூஃப் கடைசிக்கு வைத்திருந்தார். குண்டு விழுந்து பாதி போன பாலம். மீதியில் பலகை போட்டுக் கட்டியிருந்தார்கள். விளக்குப் போடக் கூடாது. வண்டிக்குள் அடிபட்டவர்கள். எந்தப் பலகை நிற்கும், எது சரியும் என்று தெரியாது. அதனால் வாத்து கீழே இறங்கி, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாக மிதித்துப் பார்த்து முன்னால் நடந்தாள். அந்த வெள்ளையைப் பார்த்து வண்டி பின்னாலேயே ஊர்ந்தது. வாத்து வழி முழுக்க அழுதுகொண்டே நடந்தாள். இந்த இடத்தில்தான் அவரும் தங்கையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

“முன்னாடி நடந்தது...”

“உங்க அத்தைதான்” என்றார் அந்த அம்மாள். “எனக்கு என்ன? என்னைச் சுத்தித் தகரம் இருந்துச்சு, கையில ஸ்டியரிங் இருந்துச்சு. அவளுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. அழுதாதான். பயந்தாதான். ஆனா அந்த வெள்ளத் துணி கொஞ்சம்கூட ஆடல தம்பி. இப்பவும் கண்ண மூடினா தெரியுது.”

“ஸ்டோர்ல இருந்தவங்க ஆம்புலன்ஸ்ல எப்படி...?”

“அவ வேலைய முடிச்சுட்டு வந்து ஏறிக்குவா. முடிக்காமயும் வருவா. அடிபட்டவனுக்குக் கால் வீங்கிப் போயிருக்கும், பூட்ஸக் கழட்டறது பெரும்பாடு. பசங்க கத்துவானுங்க. இவளுக்கு அந்த முடிச்செல்லாம் அத்துப்படி. காலை மடியில வச்சுக்கிட்டு, எந்த ஊரு, வீட்ல யாரு யாருன்னு கேட்டுக்கிட்டே கழட்டிடுவா. அவன் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள பூட்ஸ் கீழ இருக்கும். ஸ்டோர விட்டு வந்துட்டாள்னு மேலதிகாரி அவளக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எச்சரிப்பார். ‘சரிங்க சார்’னுட்டு மறுநாளும் வந்து ஏறுவா.”

அந்த எச்சரிக்கைகளைத்தான் அன்றைக்கு ஃபைலில் வரிசையாகப் பார்த்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்திருந்தார் புரூஃப். அடிபட்டவர்களுக்கு பூட்ஸ் கழற்றியதைப் பற்றி அத்தை தன் கதையில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“ஏம்மா மாத்திச் சொன்னாங்க? உங்க கதைய ஏன் தன் கதையா...”

அந்த அம்மாள் மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, இனி என்ன என்பது போலச் சொல்ல ஆரம்பித்தார்.

“யுத்தம் முடிஞ்சதும் எனக்குக் கல்யாணம் பேசினாங்க. இவங்கப்பா நல்ல மனுஷன், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆம்பளைங்களோட ராத்திரியும் பகலும் வண்டியில போனவன்னு நாலு பேர் பேசுவாங்க, அந்தப் பேச்சே நம்ம வீட்ல வேண்டாம்னுட்டார். ஆபீஸ்ல டைப் அடிச்சதா சொல்லிக்கலாம்னார். நானும் சரின்னுட்டேன். ஊருக்குக் கிளம்பறப்ப ஸ்டேஷன்ல உங்க அத்தைகிட்ட சொன்னேன். அவளுக்கு வந்துச்சு பாரு கோபம்! ரயிலே திரும்பிப் பாத்துச்சு. ‘உன் வாய அவங்க கட்டட்டும். என் வாய எவன் கட்டறான்னு பாக்கறேன். எல்லாத்தையும் நான் சொல்றேன். நான் ஓட்டினதாவே சொல்றேன், பக்கத்துல ஒரு வாத்து இருந்தான்னு சொல்றேன். யார் கதைன்னு தெரியாட்டிப் போகுது, கதை இருக்கும்ல!’ அப்படின்னா. கோபத்துல சொல்றான்னு நெனச்சேன்.” குரல் தழைந்தது. “கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கா.”

மகன் எழுந்து வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வயது ஐம்பது இருக்கும், உட்கார்ந்த விதத்தில் பத்து வயசு. “அப்பா போயும் எத்தனையோ வருஷம் ஆச்சேம்மா. அதுக்கப்புறமாவது எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“பழகிப் போச்சுடா” என்றார் அவர்.

திரும்பி வரும் பஸ்ஸில் புரூஃபுக்குச் சின்ன வயதில் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. தன்னைப் பார்த்துத்தான் பிள்ளைகள் சிரிக்கின்றன என்று தெரிந்தே, இன்னும் சிரிக்கட்டும் என்று வாத்தை இன்னும் கொஞ்சம் அழ வைத்த அத்தையை நினைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர், “உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார். “தூசி” என்றார் புரூஃப்.

மேல்தட்டிலிருந்து தாள்கள் கீழே இறங்கின. யார் ஓட்டியது, யார் நடந்தது என்பதைத் திருத்தி எழுத வேண்டுமா என்று அந்த அம்மாளுக்கு போன் செய்து கேட்டார்.

“கழுதை, மெக்கானிக்கு எல்லாம் அவ சொன்னபடியே இருக்கட்டும். அவ சொன்னாத்தான் நல்லாருக்கு. பாலத்த மட்டும் மாத்து. அதுல அவ நடக்கணும்.” சற்று நிறுத்தி, “அதை நான் வந்து சொல்றேனே. எழுதிக்கோ” என்றார்.

அடுத்த வாரமே மகன் வண்டி வைத்து அவரை அழைத்துவந்தார். தங்கை தன் பிள்ளைகள், பேரன் பேத்திகளோடு வந்திருந்தாள். வந்ததும் அத்தை இருந்த அறையைக் காட்டச் சொன்னார் அந்த அம்மாள். ஒழித்து வெறுமையாக இருந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தன. மத்தியான வெயில் ஜன்னல் வழியாகப் பாதிக் கூடம்வரை வந்திருந்தது.

“எங்க முகாமுக்குப் பக்கத்துல ஒரு பாலம் இருந்துச்சு” என்று ஆரம்பித்தார். முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் நின்று, யாரோ தடுக்கப் போகிற மாதிரி மகனைப் பார்த்தார். அவர் வாசற்படியில் சாய்ந்து, “சொல்லும்மா” என்றார். புரூஃப் மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பலகை வந்ததும் அந்த அம்மாளின் முதுகு நிமிர்ந்தது, குரல் திறந்துகொண்டது. தங்கை, கொண்டுவந்த காபியைக் கொடுக்க மறந்து, தட்டோடு நின்றாள்.

“அப்ப வாத்து இறங்கி முன்னாடி நடந்தா” என்றார் அந்த அம்மாள்.

“பயப்படலையா?” என்றாள் தங்கையின் பேத்தி.

“ரொம்பப் பயந்தா. அழுதுக்கிட்டேதான் நடந்தா.”

யாரும் சிரிக்கவில்லை. குழந்தை இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, “அப்புறம்?” என்றாள்.